பாவு முடியட்டும் தாயி: விழித்திரைக் கேமராவோடு ஐந்து நாள்

முதல் நாள்: மதுரை – ஆண்டிபட்டி

காலை ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. டிரைவர் அண்ணன், சிஸ்டர், நான். பின்சீட்டில் நான்கு கறுப்புத் துணிகள், கயிறு, ஒரு டப்பா நிறையத் துணி கிளிப், குளுக்கோமீட்டர், பிரஷர் மெஷின், எழுத்து அட்டை, சொட்டு மருந்துப் பை. என் மடியில் சின்னதாக ஒரு பெட்டி. கேமரா அதற்குள் இருந்தது.

14 வருடமாக மருத்துவமனையில் விழித்திரைப் படம் எடுக்கிறேன். அங்கே கேமரா மேசையோடு சேர்ந்தது, நகர்த்த இரண்டு பேர் வேண்டும். நோயாளி தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மடியில் இருந்ததோ ஒரு கிலோகூட இல்லை. கைப்பேசியின் முன்னால் லென்ஸ் குழாய் பொருத்தியது போல் இருக்கும். இதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை. தேனி மாவட்டத்தில் ஐந்து நாள் கண் முகாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிவிடுவது என்று முடிவு.

உசிலம்பட்டியில் டீ. ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் ஆடிக் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. தூரத்தில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் எங்களுக்கு இருட்டறை வேண்டும். சமுதாயக் கூடத்து ஜன்னல்களில் கறுப்புத் துணியைக் கட்டினால் காற்று பாய்மரம் போல் உப்ப வைத்தது. ஒவ்வொரு உப்பலுக்கும் உள்ளே வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தால் கண்ணின் பாப்பா சுருங்கும், சுருங்கினால் படம் ஓரங்களில் கறுத்துவிடும். டிரைவர் அண்ணன் பெஞ்சுகளைச் சாய்த்து வைத்துத் துணியை அழுத்தினார். அப்புறம்தான் வேலை ஓடியது.

முதல் மணி நேரம் எனக்கு நன்றாக வரவில்லை. இமை முடி விழுந்தது, பிறை வடிவ நிழல் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு கை பழகியது. சுண்டுவிரலை அவர்கள் கன்னத்து எலும்பில் ஊன்ற வேண்டும், "பச்சைப் புள்ளியைப் பாருங்க" என்று சொல்லி மூச்சை அடக்க வேண்டும், அவர்கள் ஒரு முறை இமைத்து முடித்த அந்த நொடியில் எடுக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டு படம். ஒன்று பார்வை நரம்பு வெளியேறும் வட்டத்தை மையமாக வைத்து. இன்னொன்று மாகுலாவை மையமாக வைத்து. எழுத்து படிக்கவும் முகம் அறியவும் உதவும் இடம் அது.

இங்கே சக்கம்பட்டிப் பக்கம் தறி நெய்பவர்கள் நிறைய. மதியம் ஒரு நெசவாளர் வந்தார். 52 வயது, சர்க்கரை வந்து 11 வருடம். அட்டையின் கடைசி வரிவரை இரண்டு கண்ணாலும் தடங்கல் இல்லாமல் படித்தார். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தாயி. ஓடுற தறியில ஒரு இழை அறுந்தாக்கூட உக்காந்த இடத்துலருந்தே சொல்லிருவேன். வீட்டுக்காரி சொன்னாளேன்னு வந்தேன்" என்றார்.

படம் திரையில் வந்ததும் என் தொண்டை அடைத்தது. இரண்டு கண்ணிலும் ரத்தக் கசிவுப் புள்ளிகள். வலது கண்ணில் பார்வை நரம்பின் மேலேயே புதிதாக முளைத்த ரத்தக் குழாய்கள், மெல்லிய வேர் முடிச்சு போல.

சர்க்கரை கூடிக்கொண்டே போனால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் சேதமாகி அடைபடும். ரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழாய்களை வரவழைக்கும். அவற்றுக்குச் சுவர் பலம் கிடையாது. எந்த நேரமும் உடையலாம், தூக்கத்தில்கூட. உடைகிற நிமிடம்வரை பார்வை பழுதே இல்லாமல் இருக்கலாம். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, கண் சிவக்காது. அதனால்தான் எழுத்து அட்டையை மட்டும் நம்பி இந்த நோயைப் பிடிக்க முடியாது.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இது என் கண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு வாரத்துக்குள் மதுரைக்கு வந்து லேசர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"தறியில ஒரு பாவு ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு சேலை பாக்கி. பாவு முடியட்டும் தாயி, வந்துர்றேன்."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் பூட்டிய நூல். இரண்டு சேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் மனைவியின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று 41 பேர். இந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டு படுக்கிறேன்.

இரண்டாம் நாள்: வீரபாண்டி

தேனியைத் தாண்டி கொஞ்ச தூரத்தில் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க வரும் கூட்டம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தலபுராணப்படி, பார்வை இழந்த வீரபாண்டிய மன்னன் இந்த அம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வழிபட்டுப் பார்வை பெற்றான். கண்ணுக்காக வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வேலை தொடங்கும் முன் நானும் போய்க் கும்பிட்டேன். சிஸ்டர் கேமராப் பெட்டியிலும் கொஞ்சம் திருநீறு வைத்தாள். லென்ஸில் படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

முகாமில் இன்று வயதானவர்கள் அதிகம். வயதானவர்களுக்கு இருட்டிலும் பாப்பா அவ்வளவாக விரியாது. சொட்டு மருந்து போட வேண்டும். போடுவதற்கு முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கிறோம். கண்ணின் முன்பக்க இடைவெளி குறுகலாக இருப்பவர்களுக்குச் சொட்டு போட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறிவிடக்கூடும். மற்றவர்களுக்கு டிராபிகாமைடு ஒரு சொட்டு, இருபது நிமிடம் காத்திருப்பு. அதற்குப் பிறகு நான்கைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். பைக்கில் வந்தவர்களிடம் சாவியை வாங்கி உடன் வந்தவர் கையில் கொடுப்பது சிஸ்டரின் வேலை. கண்டிப்பானவள். ஒருவர்கூட அவளை மீறவில்லை.

75 வயது இருக்கும் ஒரு அப்பத்தா. சொட்டு போட்டும் படம் வெள்ளைப் புகையாகத்தான் வந்தது. மூன்று தடவை எடுத்தேன். லென்ஸைத் துடைத்து மறுபடி எடுத்தேன். கேமரா மேல் தப்பில்லை. அவருக்குப் புரை முற்றியிருந்தது. ஒளி உள்ளே போய்த் திரும்ப வழி இல்லை.

இந்த இடத்தில் மனம் விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு முகாமின் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. படம் தெளிவில்லாதவர்களின் பெயருக்கு எதிரே "நோய் இல்லை" என்று எழுதியிருந்தது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்களை மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. கையடக்கக் கேமராவில் தெளிவில்லாத படங்கள் மேசைக் கேமராவைவிடக் கூடுதலாகத்தான் வரும். கை ஆடும், முகம் ஆடும், பாப்பா சின்னதாக இருக்கும். ஆகவே எங்கள் சீட்டில் நோய் உண்டு, நோய் இல்லை என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: "படம் தெரியவில்லை, மருத்துவர் பார்க்க வேண்டும்." அப்பத்தா அந்தக் கட்டத்தில் மதுரைக்கு வருகிறார். புரை எடுத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

"கண்ணீஸ்வரரு கதவைத் தொறந்துருவாரு"ன்னு சொல்லிச் சிரித்தார். வெற்றிலைச் சிரிப்பு.

மூன்றாம் நாள்: போடிநாயக்கனூர்

போடியில் பகலில் முகாம் போட்டால் வர வேண்டியவர்கள் வர மாட்டார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து மலைக்குப் போய், இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறார்கள். போன வருடம் இந்த ஊரில் பகல் முகாமுக்கு ஆள் சேரவில்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்குள்ள சுகாதாரத் தன்னார்வலர் அக்கா, "ராத்திரி ஏழு மணிக்கு வாங்க, நான் கூட்டிட்டு வர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுப்பவர். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எத்தனை நல்ல கேமரா இருந்தாலும் இப்படி ஒருவர் இல்லாவிட்டால் அதன் முன்னால் உட்கார ஆள் இருக்காது.

இரவு முகாமில் எதிர்பாராத நன்மை ஒன்று. இருட்டறை கட்ட வேண்டியதே இல்லை. விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் பெரும்பாலோருக்குப் பாப்பா தானே விரிந்துவிடுகிறது. சொட்டு போடாமலே படம் வந்தது. மறுநாள் விடியலில் மலை ஏற வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு வசதி!

அடுத்து, எங்கள் கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றி. படம் எடுத்த கொஞ்ச நேரத்தில், இணையம் இல்லாமலே, "மருத்துவரிடம் அனுப்பு" அல்லது "இப்போது தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் இத்தகைய மென்பொருளைப் பயிற்றுவித்து வெளியிட்ட ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. அதில் 1,28,175 படங்கள். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்தியக் கண் மருத்துவமனைகளின் நோயாளிகளுடைய படங்களும் சேர்ந்தே அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. 2018இல் வெளியான ஒரு சென்னை ஆய்வில், பெங்களூரு ரெமிடியோ நிறுவனத்தின் கைப்பேசிக் கேமராவால் எடுத்த படங்களை இதுபோன்ற இன்னொரு மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். விழித்திரை பாதிப்பு இருந்தவர்களில் 95.8 சதவீதம் பேரை அது கண்டுபிடித்தது.

வேகம்தான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் படத்தை அனுப்பி, மருத்துவர் பார்த்து, பதில் வர நாட்கள் ஆகும். அதற்குள் அந்த மனிதர் ஏலத்தோட்டத்தில் இருப்பார். இன்று அவர் நாற்காலியில் இருக்கும்போதே சொல்ல முடிந்தது. ஆனால் எங்கள் மென்பொருள் தேடுவது சர்க்கரையால் வரும் பாதிப்பை மட்டும். இன்றிரவு ஒருவருக்கு அது "தேவையில்லை" என்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்வை நரம்பு வட்டத்தின் நடுக்குழி வழக்கத்தைவிட அகன்றிருந்தது. கண் அழுத்த நோயாக இருக்கலாம். அனுப்பினேன். மனிதக் கண் ஒன்று கூடவே இருக்க வேண்டும்.

33 பேர். மணி பதினொன்று ஆகிவிட்டது. அக்கா எல்லாருக்கும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொடுத்தார்.

நான்காம் நாள்: கம்பம்

இரு பக்கமும் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கப் போன எங்களுக்கு ஆளாளுக்குக் குலை குலையாகத் திராட்சை கொடுத்தார்கள். டிரைவர் அண்ணனுக்கும் சர்க்கரை உண்டு. அவர் நான்கு பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் நல்ல செய்தி. போன மாதம்தான் சர்க்கரை என்று தெரிந்த ஒரு பெண், 38 வயது, பயந்துகொண்டே வந்தார். விழித்திரை துடைத்து வைத்தது போல் சுத்தம். ஆரஞ்சு நிறத் தளம், கிளை விரித்த குழாய்கள், ஒரு புள்ளி இல்லை. அவரிடமும் படத்தைக் காட்டினேன். "அடுத்த வருசமும் இதே மாதிரி இருக்கணும். சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள்ள வைங்க, வருசத்துக்கு ஒருமுறை படம் எடுங்க" என்றேன். தன் கைப்பேசியில் அந்தப் படத்தை ஏற்றிக்கொண்டு போனார். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வரும். நாட்டின் பல மாநிலங்களில் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ள நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு, 4 சதவீதம் பேருக்குப் பார்வையைப் பறிக்கும் கட்டம். நூற்றுக்கு நான்கு குறைவாகத் தோன்றலாம். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்கிறது 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. அத்தனை பேரையும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரை மருத்துவரே நேரில் பார்ப்பது நடக்காது. கேமராதான் அவர்களிடம் போக வேண்டும்.

பதினோரு மணிக்கு ஆண்டிபட்டிக்குப் போன் போட்டேன். நெசவாளரின் மனைவி எடுத்தார். "சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்மா. தறியை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. எல்லாம் தெரியுதே, எதுக்குங்கிறாரு." பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். 46 வயது. முகாமுக்கு ஆள் கூட்டி வந்தவரும் அவர்தான். அவருக்கு இடது கண் இல்லை என்றே சொல்லலாம், கை அசைவுதான் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில் எழுந்தபோது கண்ணுக்குள் மை கொட்டினது போல் இருந்ததாம். அதற்கு முந்தின நாள் பந்தலில் ஏறிக் கொடி கட்டியிருக்கிறார், எதுவும் குறையாகத் தெரியவில்லை. வலது கண்ணுக்கு நேரத்தில் லேசர் போட்டதால் அது நிற்கிறது. லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். இதை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

"போனை இப்படிக் குடுங்கம்மா" என்றார்.

கொடுத்தேன். பந்தலுக்குள் நடந்துகொண்டே பேசினார். நான் அடுத்த கண்ணைப் பார்க்கப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்: கூடலூர் – மதுரை

கூடலூரில் அரை நாள் முகாம். சாரல். துணி எல்லாம் ஈரம், லென்ஸில் பனி மூட்டம் போலப் படிந்தது. கேமராவைக் கொஞ்ச நேரம் உடம்போடு அணைத்து வைத்திருந்து எடுத்தேன். 26 பேர், மூன்று பேர் மதுரைக்கு. பின்னால் மலை முழுக்க மேகம். பென்னிகுக் மணிமண்டபம் பக்கத்தில் லோயர் கேம்பில்தான் இருக்கிறது. பார்க்க ஆசை இருந்தது, நேரம் இல்லை. இரண்டு மணிக்குத் திரும்பினோம்.

தேனி தாண்டியதும் நெசவாளர் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. டிரைவர் அண்ணன், "போய்ப் பாத்துருவோம்மா, வழிதானே" என்று சக்கம்பட்டிக்குத் திருப்பினார். தெருவுக்குள் வேன் நுழையவில்லை. நடந்தோம். வீட்டில் தறிச் சத்தம் கேட்டதும் என் மனசு விட்டுப்போனது.

உள்ளே தறியில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. நாடா இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. பாவில் இன்னும் ஒரு சேலைக்கு மேல் பாக்கி இருந்தது. அவர் வாசல் பக்கத் திண்ணையில், சலவை வேட்டி, கையில் மஞ்சப்பை, அதில் மாத்திரை அட்டைகளும் நாங்கள் கொடுத்த சீட்டும்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம்னு இருந்தேன் தாயி" என்றார். மனைவி தறியை நிறுத்தாமலே, "மிச்சத்தை நான் முடிச்சுக்கிறேன்மா. இவரை நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வேனில் முன்சீட்டில் உட்கார வைத்தோம். கணவாய் ஏறுகிறவரை பேசவில்லை. பிறகு லேசர் வலிக்குமா என்று கேட்டார். கண் மரத்துப்போகச் சொட்டு போடுவார்கள், வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும், சிலருக்குச் சுருக்கென்று தெரியும், ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும் என்றேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. "அந்தக் கம்பத்துக்காரரும் இதைத்தான் சொன்னாரு" என்று தலையாட்டினார். இரவு மருத்துவமனையில் தங்க இடம் சொல்லிவிட்டேன். காலையில் முதல் ஆளாக விழித்திரை மருத்துவர் பார்ப்பார்.

உசிலம்பட்டி தாண்டியபோது வெயில் தாழ்ந்து சாலை மஞ்சளாக இருந்தது. அவர் வெளியே பார்த்து ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். டீக்கடைப் பெயர், விதைக் கடைப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், வெகு தூரத்தில் சின்ன எழுத்தில் இருந்த மைல் கல். டிரைவர் அண்ணனுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்தது.

"செக்கானூரணி" என்றார்.

"ஆமாண்ணே."

"நாகமலை புதுக்கோட்டை."

"ஆமாண்ணே."

சிஸ்டர் பின்னால் கறுப்புத் துணிகளின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவர் படித்துக்கொண்டே வந்தார்.